ஜின் நாட்டுக்குப் போய்க் கேட்டவர்

வெய் நாட்டில் ஒருவர் வரலாற்று ஏட்டை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஜின் நாட்டுப் படை, மூன்று பன்றிகள், ஆற்றைக் கடந்தன என்று வந்தது. அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவர் கன்பூசியஸின் மாணவர் ஸிசியா. அவர் நின்று, அது பன்றி இல்லை, ஜிஹாய் என்றார். பழைய சீன நாள்கணக்கின் அறுபது நாள் சுற்றில் ஜிஹாய் 36ஆவது நாள். படை எந்த நாளில் ஆற்றைக் கடந்தது என்பதைத்தான் ஏடு சொல்ல வந்தது. படியெடுத்தவர் கையில் நாள் பன்றியாகிவிட்டது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் லூ புவெய் தொகுப்பித்த நூலில் உள்ள கதை இது. சீன வரலாற்று நூல்களைப் பிரதிக்குப் பிரதி ஒப்புநோக்கித் திருத்துகிறவர்கள் தங்கள் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

பெய்ஜிங்கில் எனக்குப் பழைய சீனம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் இதைக் கரும்பலகையில் செய்தே காட்டுவார். ‘ஜி’ என்ற எழுத்தைப் பெரிதாக எழுதுவார்: மூன்று கிடைக்கோடுகள், மேலே வலப்பக்கம் அவற்றை இணைக்கும் ஒரு குட்டை நெடுங்கோடு, கீழே இடப்பக்கம் இன்னொன்று. பிறகு சுண்ணாம்பு படிந்த விரலால் அந்த இரண்டு நெடுங்கோடுகளையும் தேய்த்துவிடுவார். மிஞ்சுவது மூன்று கோடுகள். சீனத்தில் மூன்று என்ற எண் அதுதான். ‘ஹாய்’ எழுத்தும் பன்றியைக் குறிக்கும் எழுத்தும் பழைய வரிவடிவத்தில் ஏறக்குறைய ஒன்றே. மூங்கில் பத்தையில் ஓரிடத்தில் மை மங்கினால் போதும், ஒரு நாள் மூன்று பன்றிகளாகிவிடும்.

வகுப்பு ரசித்து முடித்ததும் கேட்பார்: “அதற்கப்புறம் ஸிசியா என்ன செய்தார்?” யாருக்கும் தெரியாது. கதையின் கடைசி வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஸிசியா ஜின் நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கே விசாரித்தார். ஆமாம், ஜிஹாய் நாளில்தான் படை கடந்தது என்றார்கள். “ஊகம் யாருக்கும் வரும். அவர் போய்க் கேட்டார்,” என்பார் ஆசிரியர். அவர் நடத்திய பாடங்களில் பலவும் எனக்கு மறந்துவிட்டன. இது மறக்கவில்லை.

மூங்கில் பத்தை என்றதும் லியூ சியாங் நினைவுக்கு வருகிறார். கி.மு. 26இல் ஹான் பேரரசர் செங், அரண்மனை நூல்களைச் சீர்ப்படுத்தும் பொறுப்பை அவரிடம் கொடுத்தார். தோல்வாரிலோ கயிற்றிலோ கோத்த பத்தைகள். கயிறு அறுந்தால் வரிசை குலையும், ஒரு பத்தை விழுந்தால் ஒரு வாக்கியமே போகும். அவர் அரண்மனைப் பிரதி, தனியார் பிரதி என்று கிடைத்ததையெல்லாம் கூட்டிவைத்துப் பார்த்தார். ஒருவர் படிக்க, இன்னொருவர் வேறு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பகையாளியை முறைப்பதுபோல உட்கார்ந்து கேட்பதும் அவர் முறைகளில் ஒன்று. ‘ஆவண நூல்’ எனப்படும் பழைய அரசுரைத் தொகுப்பை அரண்மனைப் பிரதியோடு ஒப்பிட்டபோது, ஓர் அத்தியாயத்தில் ஒரு பத்தையும் இன்னோர் அத்தியாயத்தில் இரண்டு பத்தைகளும் விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தார். பத்தைக்கு 25 எழுத்து என்றால் விழுந்ததும் 25, 22 என்றால் விழுந்ததும் 22 என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் இழப்பை எழுத்து எழுத்தாக எண்ணி எழுதிவைத்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு நூலைப் பற்றியும் அவர் பேரரசருக்கு ஓர் அறிக்கை எழுதினார். எத்தனை பிரதி கிடைத்தது, எந்த நிலையில் கிடைத்தது, என்ன செய்தேன் என்று. போரிடும் நாடுகளின் காலத்து உரைகளைத் தொகுத்த ‘ஜான்குவோ சே’ நூலின் அறிக்கையில், பல எழுத்துகள் பாதி உதிர்ந்து அரை எழுத்துகளாகிக் கிடந்தன என்கிறார். ஜாவ் என்ற நாட்டின் பெயர் ஒரு பக்கத்தை இழந்து ‘சியாவ்’ ஆகிவிட்டது. சி என்ற நாட்டின் பெயர் ‘லி’ ஆகிவிட்டது. நாட்டுப் பெயர்களே இந்தப் பாடு பட்டிருக்கின்றன.

விசித்திரம் என்னவென்றால், அவர் அத்தனை பாடுபட்டுச் சீர்செய்து கொடுத்த அதே நூலில், அவருக்குப் பிந்திய நூற்றாண்டுகளில் நேர்மாறான பிழை நுழைந்தது. இந்த முறை இரண்டு எழுத்துகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

சின் நாடு படையெடுத்து வருகிறது. ஜாவ் நாட்டு அரசித்தாயிடம், உன் கடைசி மகனைப் பிணையாக அனுப்பினால்தான் உதவிக்கு வருவோம் என்கிறது சி நாடு. இனி எவனாவது அந்தப் பேச்சை எடுத்தால் முகத்தில் துப்புவேன் என்று அரசித்தாய் கொதிக்கிறாள். அப்போது மெல்ல நடந்து உள்ளே வருகிறார் ஒரு கிழ அமைச்சர். நூலில் அவர் பெயர் சூ ஜெ என்று இருந்தது. ‘ஜெ’ என்ற எழுத்தில் மேலே ‘லோங்’, கீழே ‘யான்’. சீனம் மேலிருந்து கீழாக எழுதப்பட்டது. லோங் எழுதி, அதன் கீழே நெருக்கமாக யான் எழுதினால், அடுத்துப் படியெடுப்பவருக்கு அது ஒரே எழுத்து. யான் என்பது ‘சொன்னார்’. ஆகவே அமைச்சரின் பெயர் சூ லோங். அரசித்தாயைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார் என்பதுதான் வாக்கியம். இப்படி வாதிட்டவர் வாங் நியான்சுன், சிங் காலத்து அறிஞர், 1744இல் பிறந்து 1832இல் இறந்தவர். வரலாற்றாசிரியர் சிமா சியென் தம் ‘ஷிஜி’யில் இதே கதையைச் சொல்லும் இடத்தில் சூ லோங் என்றே இருப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஒப்புக்கொள்ளாதவர்களும் இருந்தார்கள். இரண்டு எழுத்தையும் தனித்தனியாகக் காட்டும் பிரதி அவர் கையில் இல்லை.

1973 டிசம்பரில் சாங்ஷா நகருக்கு வெளியே மாவாங்துய் என்ற மேட்டில் மூன்றாம் கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 168இல் மூடிய கல்லறை. லியூ சியாங் பிறப்பதற்கும் முந்தியது. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய நூல்கள். அவற்றில் ஒன்றில் அந்தக் கிழ அமைச்சர் இருந்தார். லோங் தனி எழுத்து, யான் தனி எழுத்து. வாங் நியான்சுன் இறந்து 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

எனக்கு இதில் பிடித்தது அவர் கூர்மை மட்டும் இல்லை. இவ்வளவு உறுதியாகத் தெரிந்தும் அவர் நூலில் கைவைக்கவில்லை. தம் வாசிப்புக் குறிப்புகளில் எழுதினார். பழைய எழுத்து அங்கேயே இருந்தது, பக்கத்தில் அவர் வாதம் இருந்தது. எதிர்த்தவர்களும் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எதிர்த்தார்கள். ஸிசியா போகவேண்டிய ஜின் நாடு அவருக்கு மண்ணுக்கடியில் இருந்தது, வழி திறக்கவில்லை. திறக்கும்வரை குறிப்பு காத்திருந்தது.

நான் இந்த உலகத்துக்குள் வந்த வழி வேறு. ‘ஹான் வரலாறு’ நூலின் புவியியல் பகுதியின் கடைசியில் ஒரு சிறு பத்தி இருக்கிறது. சீனத்தின் தென்கரையிலிருந்து கப்பலில் 5 மாதம் போனால் ஒரு நாடு, இன்னும் 4 மாதம் போனால் வேறொரு நாடு, 20 நாளுக்கு மேல் போனால் மற்றொன்று, பிறகு 10 நாளுக்கு மேல் நடை, மறுபடி கப்பலில் இரண்டு மாதத்துக்கு மேல். அங்கே ஹுவாங்ஜி என்ற நாடு. முத்தும் நீலக் கண்ணாடிக் கல்லும் கிடைக்கும். பொன்னும் பட்டும் கொடுத்து வாங்கினார்கள். கி.பி. 2இல் அந்த நாட்டிலிருந்து உயிருள்ள காண்டாமிருகம் ஒன்று ஹான் அவைக்கு வந்தது. ஹுவாங்ஜி நம் காஞ்சிதான் என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து. அதைத் தமிழில் சரியாகக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையில்தான் நான் அந்த வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன்.

ஆசிரியர் பத்தியைப் படித்துவிட்டு எண்களைத்தான் முதலில் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் கோட்டின் மேல் கோடு. ஹான் காலத்தில் ஏழும் பத்தும் இரண்டுமே சிலுவை வடிவம். கிடைக்கோடு நீண்டால் ஏழு, நெடுங்கோடு நீண்டால் பத்து. ஐந்து மாதம் என்பதை வைத்து வரைபடத்தில் தூரம் அளக்கிறாயே, அந்த ஐந்தை எத்தனை கைகள் படியெடுத்திருக்கும் தெரியுமா என்றார். அன்று எனக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது.

பத்தியின் கடைசி வரி இன்னும் சிக்கலானது. ஹுவாங்ஜிக்குத் தெற்கே ஒரு நாடு உண்டு, ஹான் தூதர்கள் அங்கிருந்துதான் திரும்பினார்கள் என்று முடிகிறது. அந்த நாட்டின் பெயர் மூன்று எழுத்து. அச்சில் யிசெங்பு என்று இருக்கிறது. முதல் எழுத்துதான் பிரச்சினை. யி, ஜி, ஸி என்று மூன்று எழுத்துகள். இடப்பக்கக் கோடு பாதி ஏறினால் ஒன்று, ஏறாமல் நின்றால் இன்னொன்று, முழுதாக ஏறி மூடினால் மற்றொன்று. பழைய கையெழுத்திலும் மர அச்சிலும் இவற்றைப் பெரும்பாலும் பிரித்துக் காட்டுவதே இல்லை. ஜிஹாய் நாளின் அதே ‘ஜி’தான், மூன்று பன்றிகளாக மாறிய எழுத்து எங்கள் கடலுக்கும் வந்துவிட்டது. அந்த நாடு இலங்கை என்று கருதுகிறவர்கள் உண்டு. ‘ஸி’ என்று படித்தால் சிங்களம், சீகளம் என்ற பெயர்களின் தொடக்க ஒலிக்கு அருகில் வரும். எனக்கு அப்படிப் படிக்கத்தான் ஆசை. ஆசிரியரிடம் சொன்னேன். “எந்தப் பிரதியில் இருக்கிறது?” என்றார்.

நான் வைத்திருக்கும் ‘ஹான் வரலாறு’, ஜோங்ஹுவா புத்தக நிறுவனம் 1962இல் வெளியிட்டது. 24 வம்ச வரலாறுகளுக்கும் நிறுத்தற்குறி இட்டு, ஒப்புநோக்கி, பதிப்பிக்கும் பெருவேலை 1958இல் தொடங்கியது, 1978இல்தான் முடிந்தது. ஏறக்குறைய 4 கோடி எழுத்து. கூ ஜியெகாங் உழைத்த ‘ஷிஜி’ 1959இல் முதலில் வந்தது. 1963இல் வுஹானிலிருந்து தாங் சாங்ரூ, ஷான்தோங்கிலிருந்து வாங் ஜோங்லுவோ, தியான்ஜினிலிருந்து ஜெங் தியான்திங் என்று பல ஊர் அறிஞர்களைப் பெய்ஜிங்கின் சுய்வெய் சாலை வளாகத்துக்கு வரவழைத்து ஒன்றாக உட்காரவைத்தார்கள். 1966இல் கலாசாரப் புரட்சி எல்லாவற்றையும் நிறுத்தியது. நிறுவனத்தின் ஊழியர்கள் ஹூபேயில் வயல் வேலைக்குப் போனார்கள். 1971இல் பிரதமர் சோ என்லாய் சொல்லித்தான் வேலை மறுபடி தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் அவர்கள் பட்டதை இங்கே விரித்து எழுத எனக்கு மனமில்லை.

அந்தப் பதிப்பில் என்னை முதலில் நிறுத்தியது அடைப்புக்குறிகள். நீக்க வேண்டும் என்று பதிப்பாசிரியர் கருதும் எழுத்து வளைந்த அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் இருக்கும். சேர்க்க வேண்டியது பகர அடைப்புக்குறிக்குள் இருக்கும். தவறு என்று முடிவு செய்த எழுத்தையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. அத்தியாயத்தின் முடிவில் பக்கம், வரி சொல்லி, எந்தப் பிரதியில் எப்படி, எதை வைத்து மாற்றினோம் என்று ஒரு வரியில் குறிப்பு. உனக்கு ஒப்பவில்லையென்றால் பழையதை எடுத்துக்கொள் என்று வாசகனிடம் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட மரியாதையான பதிப்பு முறை தெரியாது. 1959இன் ‘ஷிஜி’யில் அந்தக் குறிப்புகள் இல்லை என்பது நெடுநாள் குறையாக இருந்தது; ஜாவ் ஷெங்சுன் தலைமையில் நான்ஜிங்கில் திருத்திய பதிப்பு 2013இல் வந்தபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது.

இந்த ஒழுக்கத்துக்கு இலக்கணம் எழுதியவர் சென் யுவான். யுவான் அரசின் சட்டத் தொகுப்பு ஒன்று 1908இல் நல்ல காகிதத்தில், அழகான அச்சில் வெளிவந்திருந்தது. அரண்மனையில் அதன் யுவான் காலத்து அச்சுப் பிரதி கிடைத்தது. சென் யுவான் அதோடும் வேறு பிரதிகளோடும் ஒப்பிட்டபோது 12,000க்கும் மேற்பட்ட பிழைகள் தேறின. அவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை எடுத்து, பிழை எப்படிப் பிறக்கிறது என்று 50 வகையாகப் பிரித்து 1931இல் எழுதினார். முதல் வேலை, மூலப் பிரதியோடு ஒப்பிட்டு வேறுபாட்டை அப்படியே எழுதிவைப்பது. மூலத்தில் தப்பு என்று தெரிந்தாலும் எழுது. சரி தவறு பார்ப்பது அந்தக் கட்டத்தில் உன் வேலை இல்லை. பிறகு நூலின் ஓரிடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடுவது, பிறகு மற்ற நூல்களோடு ஒப்பிடுவது. வெறும் அறிவை வைத்துத் திருத்துவது கடைசி. அது மிக உயர்ந்ததும் மிக ஆபத்தானதும் என்றார்.

மற்ற நூல்கள் என்றவுடன் ‘வெய் வரலாறு’ நூலின் காணாமற்போன ஏடு நினைவுக்கு வருகிறது. அதன் இசைப் பகுதியில் ஒரு முழு ஏடு தெற்கு சோங் காலத்திலிருந்தே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் லூ வென்சாவ், இதை மீட்க வழியில்லை என்று சொல்லி வேறொரு நூலிலிருந்து 16 எழுத்து மட்டும் தேடித் தந்தார். 1940களில் சென் யுவான் அந்த ஏட்டை ஓர் எழுத்து குறையாமல் கண்டுபிடித்தார். கல்லறையும் தோண்டவில்லை, வெளிநாடும் போகவில்லை. 1013இல் முடிந்த ‘செஃபு யுவான்குய்’ என்ற 1000 பகுதிக் கலைக்களஞ்சியத்தில், 567ஆம் பகுதியில், அது இருந்தது. எல்லா நூலகத்திலும் இருந்த நூல். பொது வரலாறுகளைத்தான் எடுத்தெழுதியிருக்கிறது, எங்கிருந்து எடுத்தது என்றும் சொல்லவில்லை என்று அறிஞர்கள் அதை மதிக்காமல் விட்டிருந்தார்கள். அது எடுத்தெழுதியது ஏடு விழுவதற்கு முந்திய பிரதியிலிருந்து என்பதை யாரும் யோசிக்கவில்லை. கேட்க வேண்டிய ஜின் நாடு சில சமயம் கைக்கெட்டும் அலமாரியிலேயே இருக்கிறது.

சென் யுவானை நினைத்தால் ஷாங்ஹாயின் ஜாங் யுவான்ஜியை நினைக்காமல் இருக்க முடியாது. சோங், யுவான் காலத்து அச்சுப் பிரதிகளை ஊர் ஊராகத் தேடி, 1928இல் ஜப்பானுக்கே போய்ப் படமெடுத்து, 24 வரலாறுகளையும் ஒளிநகலாக 1930 முதல் 1937 வரை வெளியிட்டார். நடுவில் 1932 ஜனவரியில் ஜப்பானிய விமானங்கள் அவருடைய கமர்ஷியல் அச்சகத்தைக் குண்டுபோட்டு அழித்தன. அடுத்த சில நாளில் அதன் கீழ்த்திசை நூலகமும் எரிந்தது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் போயின. வங்கிப் பெட்டகத்தில் முன்பே வைத்திருந்த அரிய நூல்கள் மட்டும் தப்பின. அதன் பிறகும் அந்த மனிதர் மீதித் தொகுதிகளைக் கொண்டுவந்தார். அந்தப் பதிப்பு இல்லாமல் ஜோங்ஹுவா பதிப்பு இல்லை.

ஆனால் அவரைப் பற்றி வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். படமெடுத்த பக்கங்களில் கறையை நீக்கி, உடைந்த கோடுகளைத் தூரிகையால் நிரப்பினார்கள். அந்த வேலையில் சில இடங்களில் எழுத்தே மாறியது. சோங் பிரதியின் பாடம் போய், 1739இன் அரண்மனைப் பதிப்பின் பாடம் வந்து உட்கார்ந்துவிட்டது. பார்ப்பவருக்கு அது சோங் காலத்துப் பக்கம். மாற்றங்களைப் பதிந்துவைத்திருந்த அவருடைய ஒப்புநோக்குக் குறிப்புகள் அவர் உயிரோடு இருந்தவரை அச்சேறவில்லை. சில தொகுதிகள் தொலைந்தும் போயின. மாற்றியவை பெரும்பாலும் நியாயமான திருத்தங்களே. இருந்தாலும் என்னால் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிழையோடு இருக்கும் சோங் பக்கம் ஒரு சாட்சி. சாட்சியின் வாக்குமூலத்தை நல்லெண்ணத்தோடு மாற்றி எழுதினாலும் அது சாட்சியாக நிற்காது. மூன்று பன்றிகள் ஏட்டில் அப்படியே இருந்ததால்தானே ஸிசியாவுக்கு ஜிஹாய் தெரிந்தது? யாரோ ஒருவர் பன்றிக்கு இங்கே என்ன வேலை என்று அந்த இரண்டு எழுத்தையும் நீக்கி, ஜின் நாட்டுப் படை ஆற்றைக் கடந்தது என்று சுத்தமாக எழுதியிருந்தால், நாளும் போயிருக்கும், போனது என்ற தடயமும் போயிருக்கும்.

சிங் காலத்தில் கூ குவாங்சி இதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்: பிரதியைத் திருத்தாமல் விடுவதே அதைத் திருத்தும் முறை. மற்றவர்களுக்காக அவர் பதிப்பித்த நூல்களில் பழைய அச்சின் பிழைகள் அப்படியே இருக்கும். அவர் சொல்ல நினைத்தது தனிக் குறிப்பாகப் பின்னால் வரும். அவர் தம் படிப்பறைக்கு வைத்த பெயர் வடக்கு சி காலத்துச் சிங் ஷாவிடமிருந்து வந்தது. சிங் ஷாவ் பிழையுள்ள நூலைத் திருத்த உட்காரமாட்டாராம். பிழையைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பதே ஓர் இன்பம் என்பாராம். அவருக்கு அது சோம்பலின் இன்பமாகக்கூட இருந்திருக்கலாம். கூ குவாங்சி அதை வேலையாக்கினார்.

ஹுவாங்ஜி பத்தியின் மொழிபெயர்ப்பை நான் முடித்துக் கொடுத்தபோது, பத்திரிகை ஆசிரியர் ஒருவர், கடைசி நாட்டை இலங்கை என்றே போட்டுவிடலாமே, வாசகருக்கு எளிது என்றார். அக்கறையோடுதான் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். அச்சில் உள்ளபடி யிசெங்பு என்றே எழுதினேன். ‘ஸி’ என்ற வாசிப்பையும், இலங்கை என்ற கருத்தையும், எந்தப் பிரதியும் இதுவரை அதற்குத் துணை நிற்கவில்லை என்பதையும் அடிக்குறிப்பில் வைத்தேன். ஐந்து மாதம், நான்கு மாதம் எல்லாம் எண்கள் மாறியிருக்கக்கூடும் என்ற இன்னொரு குறிப்போடு அப்படியே இருக்கின்றன.